பட்டறை முறையில் பிள்ளைகளுக்கு ஓவியம்: பினாங்குப் பெற்றோருக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

பிள்ளைக்கு ஓவியத்தில் ஆசை இருக்கிறது என்று தெரிந்ததும் இங்கே நாம் செய்யும் முதல் வேலை, வண்ணம் தீட்டும் போட்டிக்குப் பெயர் கொடுப்பது. அடுத்தது, பெரிய ஆயில் பேஸ்டல் பெட்டியாகப் பார்த்து வாங்குவது. சாயங்கால வானத்தை ஆரஞ்சிலிருந்து ஊதாவுக்குத் தேய்த்துக் கொண்டுபோகப் பிள்ளை சீக்கிரமே கற்றுக்கொள்ளும். ஓரத்தில் இரண்டு தென்னை, தூரத்தில் ஒரு சம்பான். பரிசும் வரும். அதே பிள்ளையின் முன்னால் ஒரு செம்பை வைத்து, "இதை வரை பார்க்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். கை அப்படியே நின்றுவிடும். அதன் கைக்கு நிறம்தான் பழகியிருக்கிறது, கண்ணுக்குப் பார்க்கும் பழக்கம் இல்லை.

பழைய பட்டறைகளில் நிறம் கடைசியில்தான் வரும். இத்தாலிய ஓவியர் செனினோ செனினி 1400-ஆம் ஆண்டையொட்டி எழுதிய கைநூலில் சீடனுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: சின்னப் பலகையில் கோடு வரைய ஓராண்டு, நிறம் அரைக்கவும் பசை காய்ச்சவும் பலகை பூசவும் ஆறாண்டு, தீட்டிப் பழக இன்னும் ஆறாண்டு. அவரே தம் குருவிடம் பன்னிரண்டு ஆண்டு இருந்தவர். நம் பக்கத்தில் தஞ்சாவூர் ஓவியக் குடும்பங்களும் சிற்பிகளும் பிள்ளைகளைப் பழக்கியதும் ஏறக்குறைய இதே வரிசையில்தான். முதலில் எடுபிடி, பிறகு கோடு, அளவு, அதன்பின் பூச்சு. பெரியவர் வேலை செய்வார், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அந்த வேலையிலேயே ஒரு பங்கைச் செய்யும்.

பதின்மூன்று ஆண்டு நமக்கு எதற்கு? வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். கீழே இருப்பது ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கானது. நாலைந்து பேர், சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், ஒரு பள்ளி ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வரையத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. ஆனால் பிள்ளைகளோடு உட்கார்ந்து நீங்களும் வரைய வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டு "வரை, வரை" என்று சொல்கிறவர் நடத்தும் இடம் பட்டறை ஆகாது.

1. இடம், வெளிச்சம், எடுபிடி

வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து மென்மையாக விழட்டும் என்கிறார் செனினி. வலக்கைப் பிள்ளையின் கை நிழல் அப்போது கோட்டின் மேல் விழாது. இடக்கைப் பிள்ளையை எதிர்ப்பக்கம் திருப்பி உட்கார வையுங்கள். டெரஸ் வீடானால் முன் ஹால் ஜன்னலோரம் போதும். கண் தெரியும் அளவு வெளிச்சம் இருந்தால் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு பக்கத்து வெளிச்சம் விழுந்தால் செம்புக்கு இரண்டு நிழல், எதை நம்பி வரைவது என்று பிள்ளைக்குக் குழப்பம். விசிறியைக் குறைத்துவிட்டு, தாளைப் பலகையில் கிளிப் போட்டு மாட்டுங்கள்.

ஒவ்வொரு வகுப்பும் முறை வைத்துச் செய்யும் வேலைகளோடு தொடங்கட்டும்: ஒருவர் தண்ணீர் பிடிக்க, ஒருவர் பென்சில் சீவ, ஒருவர் தாள் வெட்ட. முடியும்போது தூரிகை கழுவுவது எல்லாருக்கும் உண்டு. உள்ளங்கையில் சோப்பைக் குழைத்து, தூரிகையை அதில் வட்டமாகச் சுற்றி, நுரை வெள்ளையாக வரும்வரை அலசி, நுனியை விரலால் கூராக்கிப் படுக்க வைக்க வேண்டும். தண்ணீர்க் குவளையில் தலைகீழாக நிற்கும் தூரிகையின் முனை ஒரே வாரத்தில் வளைந்துவிடும். இந்த வேலைகளை அம்மாக்கள் பறித்துக்கொண்டு செய்துவிடுகிறார்கள், நம் பழக்கம் அப்படி. தயவுசெய்து விடுங்கள். சாமானைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைதான் நுனியால் எவ்வளவு மெல்லிய கோடு போடலாம், எவ்வளவு அழுத்தினால் மயிர் விரியும் என்பதைக் கையாலேயே தெரிந்துகொள்ளும்.

2. சிலேட்டு

செனினியின் சீடன் முதலில் வரைந்தது தாளில் இல்லை. ஒரு சாண் பலகையில் எலும்புச் சாம்பலைப் பூசி, வெள்ளிக் குச்சியால் வரைந்தான். மறுபடி பூசினால் பலகை புதிதாகிவிடும். நமக்கு அதற்குச் சிலேட்டு இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் தேடினால் கிடைக்கும், இல்லாவிட்டால் சின்னக் கரும்பலகையும் சாக்குக் கட்டியும் போதும்.

முதல் மாதம் முழுக்க இதுதான். நேர்கோடு, சாய்கோடு, ஒரே இடைவெளியில் பத்துக் கோடு, காம்பஸ் இல்லாமல் வட்டம். அதன் பிறகு கோலம். பாட்டியோ அம்மாவோ கோலம் போடும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் சுற்ற வேண்டும், தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும், நடுவில் கை தயங்கினால் வளைவு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கைக்கு இதைவிட நல்ல பயிற்சி எந்த நாட்டுப் பட்டறையிலும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஐந்து புள்ளியில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள்.

சிலேட்டில் அழியும் என்பதுதான் அதன் சிறப்பே. போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பாராட்டுக்காக வரையும் பிள்ளை தெரிந்ததையே திரும்பத் திரும்ப வரையும்.

3. கரிக்குச்சி செய்தல்

இந்த வாரத்துக்குப் பிள்ளைகள் வராமல் இருக்க மாட்டார்கள். செனினி வில்லோ மரக் குச்சிகளைக் கட்டுக் கட்டாகப் புதுச் சட்டியில் அடைத்து, மூடியைக் களிமண்ணால் பூசி, ராத்திரி ரொட்டிக்காரன் அடுப்பில் வைக்கச் சொல்கிறார். ஆந்திராவின் காளஹஸ்தி கலம்காரிக் கலைஞர்கள் புளியங்குச்சிக் கரியால் துணியில் வரைகிறார்கள். நமக்கு ஒரு காலி மைலோ டின் போதும்.

புளியங்குச்சி அல்லது கையில் கிடைக்கும் மெல்லிய, கணுவில்லாத குச்சிகளைப் பென்சில் கனத்தில், விரல் நீளத்தில் வெட்டிப் பட்டையை உரியுங்கள். இரண்டு நாள் காயட்டும். டின்னில் நெருக்கமாக அடுக்கி மூடுங்கள், மூடியில் ஆணியால் ஒரே ஒரு ஓட்டை. வீட்டுக்கு வெளியே, கரியடுப்பின் மேல், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வையுங்கள். ஓட்டை வழியாக முதலில் ஈரப் புகை வரும், பிறகு தடித்த புகை. புகை அடங்கியதும் இறக்கி வைத்து, டின் முழுக்க ஆறும்வரை திறக்கக் கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு உள்ளே இருப்பது எரிந்து சாம்பலாகிவிடும்.

நன்றாக வெந்த குச்சியைக் கீழே போட்டால் டிங் என்று ஒலிக்கும், முறித்தால் உள்ளேயும் கறுப்பு. நடுவில் பழுப்பாக இருந்தால் வேகவில்லை, அது தாளைக் கீறும். உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பொடித்து வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் படியில் தேவைப்படும்.

கரியை ரப்பரால் தேய்த்தால் தாள் அழுக்காகும். பழைய பட்டறையில் கோழி இறகால் தட்டி விடுவார்கள். இறகு கிடைக்காவிட்டால் மெல்லிய காய்ந்த தூரிகை. ஒரே தாளில் தட்டித் தட்டித் திரும்ப வரையலாம் என்று தெரிந்ததும் பிள்ளைக்குத் தப்பாகிவிடுமே என்ற பயம் போய்விடும்.

4. தாளம்: முகத்தால் அளப்பது

சிற்ப சாத்திரத்தில் உடலை அளப்பது முழக்கோலால் இல்லை. நெற்றி மயிர் தொடங்கும் இடத்திலிருந்து முகவாய் வரை உள்ள முக நீளம் ஒரு தாளம், அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஓர் அங்குலம். உருவம் சின்னதானால் அங்குலமும் சின்னது. ஒன்பது தாள உருவம் நவதாளம், அதாவது 108 அங்குலம்.

பள்ளியில் பயன்படுத்தும் மாஜோங் தாளில் இதைச் செய்து பாருங்கள். முகத்துக்கு 6 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஓர் அங்குலம் சரியாக அரை சென்டிமீட்டர், முழு உருவம் 54 சென்டிமீட்டர். தாளின் நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. இதைச் சிற்பிகள் சூத்திரம் என்பார்கள். நூலில் வாஷர் கட்டித் தொங்கவிட்டுக் காட்டுங்கள். பிறகு மேலிருந்து குறித்துக்கொண்டே வாருங்கள்: முகம் 12, கழுத்து 4, கழுத்திலிருந்து மார்பு வரை 12, மார்பிலிருந்து தொப்புள் வரை 12, தொப்புளிலிருந்து இடுப்பின் அடி வரை 12, தொடை 24, முழங்கால் 4, கெண்டைக்கால் 24, பாதம் 4. பிள்ளையையே கூட்டச் சொல்லுங்கள். 108 வந்தே தீரும்.

குறித்த இடங்களில் குறுக்குக் கோடுகளைப் போட்டு, அதன்மேல் நிற்கும் உருவத்தைக் கரியால் மெல்லக் கட்டுங்கள். பென்சில் வாங்கியது முதல் பெரிய தலையும் குச்சிக் காலும் வரைந்துகொண்டிருந்த பிள்ளை, இடுப்பு இவ்வளவு நடுவிலா இருக்கிறது என்று வாய் பிளக்கும். கிரீடமும் முடியும் இந்தக் கணக்கில் சேராது, முகத்துக்கு மேலே தனியாக இடம் விடுங்கள்.

பிறகு அப்பாவைச் சுவரோரம் நிறுத்தி, அவர் முக நீளத்துக்கு ஒரு தாள் பட்டையை வெட்டி, அவர் எத்தனை முகம் உயரம் என்று அளக்கச் சொல்லுங்கள். அடுத்து தம்பியை, அவன் முகத்தால். எண்ணிக்கை குறையும். சின்னப் பிள்ளை ஏன் சின்னப் பிள்ளையாகத் தெரிகிறது என்பதற்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். பிள்ளையாருக்கு ஐந்து தாளம்தான் என்பதையும் அப்போது சொல்லுங்கள். அந்தக் குட்டை உடம்பும் தொந்தியும் கணக்குப் போட்டு வைத்தவை என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

5. பார்த்து வரைதல்

"காப்பி அடிக்கக் கூடாது" என்று பள்ளியில் சொல்லிச் சொல்லிப் பார்த்து வரைவதையே தப்பாக்கி வைத்திருக்கிறோம். பட்டறையில் அதுதான் பாடம். செனினி வைக்கும் ஒரே நிபந்தனை: நல்ல ஆசான் ஒருவரைத் தேர்ந்து அவரையே நெடுநாள் பார்த்து வரை, இன்று ஒருவர் நாளை ஒருவர் என்று தாவினால் யாருடைய கையும் உனக்கு வராது. யூடியூபில் நாளொரு வீடியோ பார்த்து வரையும் பிள்ளைகளை நினைத்தால் அறுநூறு ஆண்டுக்கு முந்தைய இந்த எச்சரிக்கை இப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறது.

நமக்கு ஆசான் எங்கே? குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் 1833-இலிருந்து அங்கே நிற்கிறது. கோபுரத்தை முழுதாக வரையச் சொல்லிவிடாதீர்கள், பெரியவர்களே திணறுவார்கள். கீழ்த் தட்டில் ஓர் உருவம். அதன் நிற்கும் வாகு, எந்தக் காலில் பாரம், எந்தத் தோள் தாழ்ந்திருக்கிறது. எதிர்ப்பக்க அஞ்சடியில் நின்றே வரையலாம், கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உள்ளே வரைவதானால் கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, பூசை இல்லாத நேரமாகப் போங்கள். கோபுரத்தின் பளபள பெயிண்டைப் பார்த்துப் பிள்ளை நிறப் பெட்டியைக் கேட்கும். கரிதான் என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

அதே உருவத்தை நாலு வாரம். முதல் வாரம் வெளிக்கோடு, அடுத்து உள்விவரம், பிறகு நிழல், கடைசியில் பார்க்காமல் நினைவிலிருந்து. அந்த நாலாவது வாரத் தாளை மட்டும் எடுத்து வைத்தால் போதும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு சையது தாஜுதீனின் ஓவியங்களைக் காட்டுங்கள். 1943-இல் ராமநாதபுரம் பக்கம் அழகன்குளத்தில் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, மெட்ராஸ் அரசு கலை கைவினைக் கல்லூரியில் படித்த மலேசிய ஓவியர். அவர் வரையும் பெண்களின் நீண்ட கண்ணிலும் கைவிரல் வளைவிலும் அஜந்தாவின் சாயல் தெரியும். பழைய பாணியைப் பார்த்துப் படித்த ஒருவர் அதைத் தம் கைக்கு எப்படிப் பழக்கிக்கொண்டார் என்பதற்கு நம் ஊர் உதாரணம்.

இனி படத்தைப் பலகைக்கு மாற்றும் வித்தை. முடிந்த வரைபடத்தை மடித்த துண்டின் மேல் வைத்து, கோட்டின் மேலேயே ஊசியால் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு குத்து. ஊசியின் காதுப் பக்கத்தை ரப்பர் துண்டில் செருகிக் கொடுத்தால் சின்ன விரலுக்கு வலிக்காது. எடுத்து வைத்த கரிப்பொடியைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து ஒரு பொட்டலமாக்குங்கள். குத்திய தாளைப் பலகை மேல் ஒட்டி, பொட்டலத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். தேய்த்தால் பொடி அப்பிவிடும். தாளைத் தூக்கினால் அடியில் உருவம் புள்ளி புள்ளியாக இருக்கும். அதை மெல்லிய தூரிகையால் இணைத்து, காய்ந்ததும் கரியைத் தட்டிவிட வேண்டியதுதான். இத்தாலியச் சுவரோவியங்களுக்கும் படம் இப்படித்தான் சுவருக்குப் போனது. கோலத்துக்குப் புள்ளி வைத்துப் பழகியவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

6. நிழல்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தாளைக் கெட்டியான தே ஓ-வில் நனைத்துக் காயவிடுங்கள், பழுப்பாகிவிடும். இருட்டுக்குக் கரி, வெளிச்சத்துக்குச் சாக்குக் கட்டி, நடுவாந்தரத்துக்குத் தாளின் நிறமே. கரியும் சாக்கும் ஒன்றையொன்று தொடக் கூடாது, தொட்டால் சாம்பல் நிறமாகிவிடும். முட்டை, எலுமிச்சை, செம்பு என்ற வரிசையில் போங்கள்.

7. நிறம் அரைத்தல்

இப்போதுதான் நிறம். கடையில் வாங்கும் பன்ச்சோ டியூபுக்கு முன்னால் ஒரு முறையாவது நிறத்தைக் கையால் அரைக்க வேண்டும். சிவப்பு நிறக் கல்லை இருபது ஆண்டு தினமும் அரைத்தாலும் இன்னும் நன்றாகத்தான் வரும் என்று செனினி சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன சிவப்பு சாதிலிங்கம், பாதரசம் கலந்த நஞ்சு. அதையும் அரிதாரத்தையும் ஈய வெள்ளையையும் பிள்ளைகள் பக்கமே கொண்டுவரக் கூடாது. முதலதில் பாதரசம், இரண்டாவதில் ஆர்சனிக், மூன்றாவதில் ஈயம். நாட்டு மருந்துக் கடையில் கண்ணில் பட்டாலும் வேண்டாம். பாக்கெட் குங்குமமும் வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது.

நமக்குப் போதுமானவை: காவிக்கல், மஞ்சள் தூள், சாக்குப் பொடி, விளக்குக் கரி. அகலில் விளக்கெண்ணெய் ஊற்றிச் சுடர் மேல் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்தால் கரி படியும். வீட்டில் கண்மை செய்த பாட்டிக்குத் தெரிந்த முறைதான். மஞ்சள் வெயிலில் வெளுத்துப்போகும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரு பழைய மார்பிள் டைல், அடி தட்டையான கண்ணாடிப் பாட்டில். எப்போதும் தண்ணீர் விட்டே அரையுங்கள், பொடி பறந்து மூச்சில் போகக் கூடாது. பரப்பி, வழித்துச் சேர்த்து, மறுபடி பரப்பி, விரலில் நறநறப்பு நிற்கும்வரை. அடுக்களை அம்மி இதற்கு வேண்டாம்.

பிறகு முட்டை மஞ்சள் கரு. வெள்ளையை நீக்கி, கருவை டிஷ்யூவில் உருட்டி ஈரம் போக்கி, தோலை இரு விரலால் பிடித்துத் தூக்கி அடியில் குத்தினால் கரு மட்டும் கிண்ணத்தில் வடியும், தோல் கையில் நிற்கும். அரைத்த நிறமும் கருவும் சம அளவு, சில துளி தண்ணீர். இளைஞர் முகத்துக்கு வெளிர்ந்த கரு உள்ள பட்டணத்துக் கோழி முட்டை, வயதானவர் முகத்துக்குச் சிவந்த கரு உள்ள நாட்டுப்புறக் கோழி முட்டை என்று செனினி பிரித்துச் சொல்கிறார். சூப்பர் மார்க்கெட் முட்டையையும் கம்போங் கோழி முட்டையையும் பக்கத்தில் உடைத்து வைத்துப் பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள். முட்டை சேர்க்காத குடும்பமானால் தண்ணீரில் ஊறவைத்த கருவேலம் பிசின். பச்சை முட்டை என்பதால் தூரிகையை வாயில் வைக்கக் கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், மிச்சத்தை அன்றே கொட்ட வேண்டும். நம் ஊர் வெக்கைக்கு மறுநாள் தாங்காது.

ஒவ்வொரு நிறத்தையும் கருமை, நடு, வெளிர் என்று மூன்று கிண்ணத்தில் முன்கூட்டியே கலந்து வையுங்கள். இந்த வண்ணம் உடனே காய்ந்துவிடும், தேய்த்து இழைக்க முடியாது. சின்னச் சின்னக் கோடுகளாகப் பக்கம் பக்கமாக இட்டே நிறம் மாற்ற வேண்டும். பேஸ்டல் பழகிய பிள்ளைகள் இங்கேதான் முரண்டு பிடிப்பார்கள். இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

8. சேர்ந்து ஒரு பலகை

ஆண்டு முடிவில் எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு படம். தஞ்சாவூர் முறையில் பலாப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் புளியங்கொட்டைப் பசையும் பூசுவார்கள். நாம் ஹார்ட்வேர் கடை பிளைவுட், பழைய வேட்டி, சாக்குப் பொடி, வெள்ளைப் பசை என்று வைத்துக்கொள்ளலாம். பசை குறைவாக, பொடி கூடுதலாக இருந்தால்தான் முட்டை வண்ணம் பிடிக்கும். ஒரு பூச்சு நெடுக்கே, அடுத்தது குறுக்கே, நாலு மெல்லிய பூச்சு. பின்பக்கமும் ஒன்றிரண்டு பூச்சு அவசியம், இல்லாவிட்டால் பினாங்கு ஈரத்துக்குப் பலகை வளைந்துவிடும்.

வேலையைப் பங்கு போடுங்கள். சின்னவர்கள் புள்ளி தட்டவும் பின்னணி நிரப்பவும், இடைப்பட்டவர்கள் ஆடையும் நகையும், மூத்தவர் கையும் காலும், முகம் உங்களுக்கு. இத்தாலியின் ஃபிளாரன்ஸில் ஓவியர் வெரோக்கியோவின் பட்டறையிலும் படம் இப்படித்தான் பங்கு பிரிந்தது. இயேசுவின் திருமுழுக்குப் படத்தில் ஒரு தேவதையைச் சீடனாக இருந்த லியோனார்டோ டா வின்சி வரைந்தார், அது இன்றும் அந்நகரத்து உஃபிசி கூடத்தில் இருக்கிறது. கண்ணை மட்டும் கடைசி நாளுக்கு விட்டுவையுங்கள். சிற்பிகள் கண் திறப்பது எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால், பின்னணி நிரப்பியவன்கூட அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிடுவான்.

திருத்துவது எப்படி

பிள்ளையின் தாளில் கை வைக்காதீர்கள். மேலே ஒரு டிரேசிங் தாளை வைத்து, அதில் உங்கள் கோட்டைப் போட்டுக் காட்டிவிட்டு எடுத்துவிடுங்கள், அது தானே பார்த்து மாற்றும். "வெரி குட்" என்பதைக் குறைத்து, "இந்தத் தோளையும் அந்தத் தோளையும் பார், எது தாழ்வு?" என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு திருத்தம்.

பாதுகாப்பு

தாள்கள் பூஞ்சை பிடிக்கும். கரிப் படங்களை நடுவில் வெற்றுத் தாள் வைத்து அடுக்கி, மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பிஸ்கட் டின்னில் வரும் பொட்டலங்களைச் சேர்த்து வைத்தாலே கொஞ்ச காலத்துக்கு ஓடும். முட்டை வண்ணப் பலகையை விசிறிக் காற்றில் சில வாரம் நன்றாக இறுகவிட்ட பிறகே ஃபிரேம் கடைக்குக் கொண்டுபோங்கள். கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவில் அட்டை வைக்கச் சொல்லுங்கள். மாட்டும்போது அடுக்களைச் சுவரும் ஏர்கான் நேரே படும் சுவரும் வேண்டாம்.